கிட்டுவின் புதன்கிழமைகள்

புரட்டாசி முதல் தேதி, புதன்கிழமை, காலை பத்தே கால் மணிக்குக் கிட்டு கிளையை விட்டு இறங்கியது.

சிவகுமார் அந்த நேரத்தில் தூங்கிக்கொண்டிருப்பவன். மறைமலை நகரில் ஓர் உதிரிபாகத் தொழிற்சாலையில் அவனுக்கு இரவு ஷிப்ட். ஏழரைக்கு வீடு வந்து சேருவான். கிட்டுவின் கிண்ணத்தில் இலை வைப்பான். பத்து நிமிடம் கூண்டருகே உட்காருவான். பிறகு குளித்துப் படுத்தால் இரண்டு மணிக்குத்தான் எழுந்திருப்பான். அன்று தூக்கம் வரவில்லை. பின்வாசல் படியில் வந்து உட்கார்ந்திருந்தான்.

கிட்டு ஓர் இகுவானா. மூக்கிலிருந்து வால் நுனிவரை நாலரை அடி. கூட வேலை பார்த்த விக்கி, புனேவுக்கு மாற்றலாகிப் போனபோது கொடுத்துவிட்டுப் போனது. ஒன்றரை வருடம் ஆகிறது. வனத்துறை இணையதளத்தில் சிவகுமார் பெயரில் பதிவு இருக்கிறது. பெருங்களத்தூரில் அந்தத் தெருவில் சிலர் அதை ஓணான் என்றார்கள். சிலர் உடும்பு என்றார்கள். அவன் திருத்துவதை விட்டுவிட்டான்.

கூண்டு வீட்டின் பின்பக்கம், குழாய்க்கும் துவைக்கிற கல்லுக்கும் பக்கத்தில் இருந்தது. இரும்புச் சட்டம், கம்பி வலை, உள்ளே ஒரு கொய்யாக் கிளை. வலையின் அடியில் கை நுழையும் அளவுக்கு ஒரு சின்னக் கதவு.

கிட்டு அந்தக் கதவருகே வந்து நின்றது. தலையைத் தூக்கியது. நாற்பது நிமிடம் அசையவில்லை.

அது பார்த்த இடத்தை அவனும் பார்த்தான். குழாய், கல், மதில். வேறொன்றும் இல்லை.

இலைக் கிண்ணம் அதற்குப் பின்னால் நிறைந்தபடி இருந்தது. கிட்டு அதன் பக்கம் திரும்பவே இல்லை. பதினொரு மணிக்கு மறுபடி கிளையில் ஏறிக் கண்ணை மூடிக்கொண்டது. ஏறும்போது பின்னங்கால்கள் நடுங்கின.

*

அதற்கு முந்தின சனிக்கிழமைதான் சேலையூரில் டாக்டர் தேவதர்ஷினியிடம் காட்டிவிட்டு வந்திருந்தான். அவர் கையுறை போட்ட விரலால் கிட்டுவின் கீழ்த்தாடையை அழுத்தினார். அது ரப்பர்போல் வளைந்தது.

"கால்சியமே இல்ல. என்ன குடுக்கறீங்க?"

"கீரை சார்... மேடம். முருங்கை, அகத்தி. சில நாள் பூசணி."

"பாலக்?"

"விக்கி குடுக்கக் கூடாதுன்னு சொல்லியிருக்கான்."

"குட். மீட்? முட்டை, சிக்கன், ஏதாவது?"

"இல்ல."

"ஒருதடவைகூட?"

"இல்ல மேடம்."

அவர் ரத்தப் பரிசோதனைத் தாளை அவன் பக்கம் திருப்பி வைத்தார். ஓர் எண்ணைச் சுற்றி வட்டம் போட்டிருந்தது.

"யூரிக் ஆசிட் இது. சுத்தமா இலை சாப்பிடற மிருகத்துக்கு இவ்வளவு வராது. கிட்னி அடி வாங்கியிருக்கு. இதுக்கு மாமிசத்தைச் செரிக்கத் தெரியாது. நீங்க சொல்றதை நான் நம்பறேன். ஆனா பிளட் வேற சொல்லுது."

"பொழைக்குமா?"

"மூணு வாரம் பாக்கலாம். தானா இலை சாப்பிட ஆரம்பிச்சா சான்ஸ் இருக்கு. இல்லைன்னா டியூப் போடணும். தாடை இருக்கற நிலைமையில டியூப் போடவே எனக்குப் பயம்."

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அவன் அந்த எண்ணை நினைத்துக்கொண்டே வந்தான். பிழையான பாகங்களைக் கண்டுபிடிப்பது அவன் தொழில். எங்கே பிழை நுழைந்தது என்று கண்டுபிடிப்பதும்தான். இங்கே நுழைவதற்கு வழியே தெரியவில்லை. தினமும் இலை வைக்கிறான். மதியம் கிண்ணம் காலியாகத்தான் இருக்கிறது.

*

புதன்கிழமை மதியம் ஜெயஸ்ரீ பின்பக்கம் வந்து கிண்ணத்தைக் கையில் எடுத்தாள். மாலையில் பள்ளிப் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுப்பவள். பகலில் வீட்டில்தான் இருப்பாள். கணவன் படியில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்து நின்றாள்.

"தூங்கலையா நீங்க?"

"அதை எங்க எடுத்துட்டுப் போற?"

"மாட்டுக்கு."

"எந்த மாட்டுக்கு?"

"பக்கத்து வீட்டுச் செல்லியம்மா அக்கா மாட்டுக்கு. வாடிப்போச்சு பாருங்க. எப்பவும் அதுக்குத்தான போடறேன்."

"எப்பவும்னா?"

"தினமும்." அவள் அவன் முகத்தைப் பார்த்தாள். "இது சாப்பிடறதில்லைன்னு உங்களுக்குத் தெரியாதா?"

"கிண்ணம் காலியா இருக்குமே."

"நான் கழுவி வைக்கறேன், காலியா இருக்கு."

அவன் எழுந்து உள்ளே போய்ப் படுத்தான். தூங்கவில்லை. ஒன்றரை வருடமாக அந்த மாடு நன்றாக இருக்கிறது. இலை சாப்பிடாத கிட்டு எதைச் சாப்பிட்டு உயிரோடு இருந்தது?

*

மறுநாளிலிருந்து எழுதி வைக்க ஆரம்பித்தான். தொழிற்சாலையில் ஒரு பாகம் தொடர்ந்து பிழையாக வந்தால் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே மாற்றிப் பார்ப்பார்கள். அதே முறை.

வியாழன்: முருங்கை இலை, காம்பு நீக்கி. தொடவில்லை. வெள்ளி: பூசணித் துருவல். நாக்கால் தொட்டது. விட்டுவிட்டது. சனி: கொத்தவரை, பொடியாக நறுக்கி. இல்லை. கிண்ணத்தை மாற்றினான். இடத்தை மாற்றினான். கிளையின் மேலேயே இலையைக் கட்டித் தொங்கவிட்டான். கிட்டு அதன்மேல் படுத்துக்கொண்டது.

பயணப் பெட்டி எடை பார்க்கும் கொக்கித் தராசில் துணிப்பையைத் தொங்கவிட்டு எடை பார்த்தான். டாக்டரிடம் ஒரு கிலோ நானூற்று எண்பது கிராம். சனிக்கிழமை ஒரு கிலோ நானூற்றுப் பத்து.

ஞாயிறு மகாளய அமாவாசை. காலையில் ஷிப்ட் முடிந்து இறங்கியதும் பேருந்து நிறுத்தத்தில் அகத்திக்கீரைக்குக் கூட்டம் முண்டியது. ஒரு கட்டு கிடைத்தது.

"மாட்டுக்கா சார்?" என்றாள் கீரைக்காரி.

"ஓணானுக்கு."

அவள் அவனைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு அடுத்த ஆளிடம் திரும்பினாள்.

அன்றும் அவன் தூங்கப் போகவில்லை. அகத்தியைக் கழுவி வைத்துவிட்டுப் படியில் உட்கார்ந்தான். கிட்டு தொடவில்லை. பத்து மணி ஆயிற்று. பத்தே காலுக்கு அது கிளையிலிருந்து இறங்கியது. சின்னக் கதவருகே வந்தது. தலையைத் தூக்கிக் குழாயைப் பார்த்தது.

அவன் நோட்டைப் புரட்டினான். வியாழன் இறங்கவில்லை. வெள்ளியும் சனியும் இறங்கவில்லை. புதனும் ஞாயிறும் மட்டும்.

சமையலறைக்குப் போனான். ஜெயஸ்ரீ படையலுக்கு வாழைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"ஞாயித்துக்கிழமையும் புதன்கிழமையும் பத்தே காலுக்கு இங்க என்ன நடக்கும்?"

"ஒண்ணும் நடக்காது."

"யோசிச்சுச் சொல்லு. நான் தூங்கறப்போ."

"மீன் வரும்." அவள் கத்தியை நிறுத்தினாள். "பாப்பாக்கா வருவாங்க. இப்ப புரட்டாசி, வரல."

"மீனை எங்க கழுவுவாங்க?"

"குழாய்கிட்டதான். வேற எங்க?"

"நீ பக்கத்துல இருப்பியா?"

"நான் எதுக்கு? மீனை எடுத்துக் குடுத்துட்டு உள்ள வந்து மசாலா அரைப்பேன். அவங்க ஆஞ்சு குண்டானில போட்டுட்டுக் குரல் குடுப்பாங்க." அவளும் ஜன்னல் வழியாகக் கூண்டைப் பார்த்தாள். "ஐயோ."

*

பாப்பா என்பது மீன்காரியின் பெயர். வயது நாற்பத்தெட்டு. கோவளத்திலிருந்து கேளம்பாக்கம் வழியாக வரும் பேருந்தில், மீன் நிறைந்த அகன்ற அலுமினியப் பாத்திரமான அன்னக்கூடையோடு ஏறி வண்டலூரில் இறங்குவாள். இந்தப் பகுதியில் நாலு தெரு அவளுடையது. புரட்டாசி மாதம் நாலு தெருவும் மூடிக்கொள்ளும்.

அவன் அன்று மாலை போன் செய்தான்.

"பாப்பாக்கா, நான் சிவகுமார். ஜெயஸ்ரீ வீட்டுக்காரர்."

"சொல்லு சார். இன்னா, விரதத்த முட்ச்சிட்டியா அதுக்குள்ள?"

"இல்லக்கா. நம்ம கிட்டுவுக்கு மீன் போடுவீங்களா?"

எதிர்ப்பக்கம் கடல் இரைந்தது. யாரோ ஒரு பிள்ளையை அதட்டினார்கள்.

"செவுளு போடுவேன் சார். கொஞ்சம் கொடல். நீ துன்ற மீன்ல கை வச்சேன்னு நெனச்சிக்காத. நீ தூக்கிப் போடறதுதான்."

"அதுக்குக் கேக்கலக்கா."

"மொத நாளு கூடைய எறக்கினேன். அது இப்டி தலைய தூக்கிகினு பாத்துச்சி. ஒரு செவுளு போட்டேன். லபக்குனு வாங்கிகிச்சி. அப்பால நான் போனாலே எறங்கி வந்து நின்னுக்கும். பேஜார் புடிச்சது, கத்தாது, கடிக்காது. நிக்கும், அவ்ளோதான். எப்டி சார் போடாம வர்றது?"

"எவ்வளவு போடுவீங்க?"

"வவுறு ரொம்பற வரைக்கும். ஏன் சார், இப்ப இன்னா ஆச்சி?"

"சாப்பிட மாட்டேங்குது. இலை வச்சா திரும்பிக்குது."

"எல வச்சா எப்டி துன்னும்?" என்றாள். பிறகு சிரித்தாள். "ஓ. அதுக்கும் புரட்டாசியா? இன்னா சார் நீ, ஓணான போய் விரதம் இருக்க வுட்டுகினு?"

அவன் இல்லை என்று சொல்ல வாயெடுத்தான். சொன்னால் அடுத்து எல்லாவற்றையும் சொல்ல வேண்டும். எல்லாம் கேட்டபின் அவள் வருவாளா என்று தெரியவில்லை.

"புதன்கிழமை ஒருதடவை வந்துட்டுப் போறீங்களா? உங்க கையால வச்சா சாப்பிடுதான்னு பாக்கணும்."

"மீன் இல்லாம மீன்காரி எதுக்கு சார்?"

"கூடையோட வாங்க. காலிக் கூடை."

*

புரட்டாசி எட்டாம் தேதி பத்து மணிக்கு பாப்பா சந்துக்குள் வந்தாள். தலையில் அலுமினிய அன்னக்கூடை. பக்கத்து வீட்டுச் செல்லியம்மாள் மதிலுக்கு மேலே தலையை நீட்டினாள்.

"இன்னாடி இது, புரட்டாசில மீன எடுத்துகினு தெருவுல வந்துட்ட?"

"கூட காலிக்கா. வந்து மோந்து பாரு."

"காலிக் கூடைய எதுக்குத் தூக்கிகினு திரியற?"

"ஓணானுக்குப் படையல். உன் மாட்டுக்குப் போற கீரைய இன்னிக்கு அது துன்னப் போவுதாம்."

"நல்ல வூடு," என்றாள் செல்லியம்மாள். மதிலை விட்டு நகரவில்லை.

சிவகுமார் எல்லாவற்றையும் ஒரு தட்டில் தயாராக வைத்திருந்தான். அகத்தி, முருங்கை, பூசணித் துருவல், காலையில் பறித்த நாலு செம்பருத்திப் பூ. கையில் நோட்டு. எடை ஒரு கிலோ முந்நூற்று அறுபது.

கிட்டு கிளையில் இருந்தது. பாப்பா குழாயருகே வந்து நின்றதும் கண்ணைத் திறந்தது. இறங்கவில்லை.

"மெலிஞ்சிடுச்சே," என்றாள் பாப்பா.

"கூடையை இன்னும் இறக்காதீங்க," என்றான் அவன். "முதல்ல நீங்க மட்டும். வெறும் கை."

அவள் சின்னக் கதவு வழியாக முருங்கை இலையை நீட்டினாள். "இந்தாடா ராசா." கிட்டு பார்த்தது. கண்ணை மூடியது. அவன் எழுதிக்கொண்டான்.

"இப்ப கூடை."

அவள் கூடையைக் கல்மேல் இறக்கினாள். அலுமினியம் கல்லில் மோதிய சத்தம் சந்தில் ஒலித்தது. கிட்டு கிளையிலிருந்து இறங்கத் தொடங்கியது. பாதியில் ஒரு கால் வழுக்கியது. அது சமாளித்து இறங்கிக் கதவருகே வந்து தலையைத் தூக்கியது.

"சத்தம்," என்றான் சிவகுமார். மனைவியைத் திரும்பிப் பார்த்தான். "சத்தம்தான் ஜெயா. ஆளு இல்ல."

"நல்லா கீது," என்றாள் பாப்பா. "ஒன்றர வருசம் சோறு போட்டவ ஆளு இல்லியாம், கூட பெருசாம்."

பாப்பா இரண்டு அகத்தி இலையைக் கூடையில் போட்டு எடுத்து அதனிடம் வைத்தாள். கிட்டு நாக்கை நீட்டி இலையைத் தொட்டது. தலையைத் திருப்பிக்கொண்டு மறுபடி அவள் கையைப் பார்த்தது. ஐந்து நிமிடம் அப்படியே போயிற்று. அவன் பேனாவை மூடித் திறந்தான். செய்து பார்க்க வேறென்ன இருக்கிறது என்று அவனுக்குத் தெரியவில்லை.

பாப்பா புடவையைச் செருகிக்கொண்டு கல்லருகே குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள்.

"சார், நீ அந்த புக்க மூடி வையி. நான் இன்னா செய்வனோ அத்தயே செய்யறேன். யம்மா, உன் அருவாமனைய குடு."

ஜெயஸ்ரீ அரிவாள்மனையைக் கொண்டுவந்தாள். பாப்பா குழாயைத் திறந்தாள். கூடையில் தண்ணீர் நிறைந்தது. அகத்தியைக் கையில் சுருட்டி, மீனை ஆய்கிற வேகத்திலேயே கீற்றுக் கீற்றாக அரிந்து தண்ணீரில் போட்டாள். கிட்டு ஓரடி முன்னால் வந்தது. அதன் தாடைக்குக் கீழே தொங்கிய தோல் ஒருமுறை விரிந்து மடிந்தது.

அவள் ஈரத்தோடு ஒரு கீற்றை உள்ளே எறிந்தாள். அது கிட்டுவின் முன்னால் விழுந்தது. கிட்டு குனிந்தது. நாக்கால் தொட்டது. நிமிர்ந்தது.

"எறியறது புடிக்குது," என்றாள் பாப்பா. "சரக்குதான் புடிக்கல."

தட்டை இழுத்து ஒவ்வொன்றாகப் பார்த்தாள். பூசணித் துருவலை ஒதுக்கினாள். செம்பருத்தியை எடுத்தாள். காம்பைக் கிள்ளிப் போட்டு இதழ்களைப் பிரித்து மடித்தாள். தண்ணீரில் முக்கினாள். இதழ்கள் சுருங்கி ஒட்டிக்கொண்டு, சிவப்பாக, மடிப்பு மடிப்பாக, அவள் விரல்களிலிருந்து தொங்கின.

"இத்த பாரு சார். இன்னா மாதிரி கீது?"

அவனுக்குத் தெரியவில்லை. ஜெயஸ்ரீக்குத் தெரிந்தது.

"செவுள்," என்றாள்.

பாப்பா எறிந்தாள்.

அது தரையில் விழுந்ததும் கிட்டு வாயைத் திறந்து கவ்வியது. இரண்டுமுறை தாடையை அசைத்தது. விழுங்கியது. தலையைத் தூக்கியது.

மதிலின் அந்தப் பக்கத்திலிருந்து செல்லியம்மாள், "துன்னுச்சா?" என்றாள்.

"துன்னுச்சி," என்றாள் பாப்பா.

அடுத்த இதழையும் வாங்கிக்கொண்டது. மூன்றாவது இதழில் அவள் ஓர் அகத்திக் கீற்றை உள்ளே வைத்துச் சுருட்டினாள். கிட்டு கொஞ்சம் தயங்கியது. கவ்வியது. இலை வாயோரம் நீட்டிக்கொண்டிருந்தது. அதையும் இழுத்துக்கொண்டது. நாலாவதில் இரண்டு கீற்று. ஐந்தாவதில் மூன்று.

"தாடை வளையறதை டாக்டர் காட்டினாங்க," என்றான் சிவகுமார், யாரிடமும் இல்லாமல். "முழு இலையா வச்சேன். கடிக்க முடிஞ்சிருக்காது."

"செவுளும் அதாலதான் போடுவேன். மெத்துனு இருக்கும்." பாப்பா இன்னொன்றைச் சுருட்டினாள். "பூ தெனம் கெடைக்குமா உனக்கு?"

"செல்லியம்மா அக்கா வீட்ல மரம் இருக்கு."

"கேட்டுகினுதான் கீறேன்," என்றது மதில். "பறிச்சிக்கோ. ஆனா வெள்ளிக்கெழம பூவ வுட்டுடு, எனக்கு சாமிக்கு வேணும்."

அவன் நோட்டைத் திறந்தான். பதினோரு துண்டு என்று எழுதினான். டாக்டர் சொன்ன மூன்று வாரத்தில் இன்னும் பத்து நாள் இருந்தது. நாளைக்கு அவனே கூடையை இறக்க வேண்டும். அதே கல்லில், அதே உயரத்திலிருந்து. அன்னக்கூடை ஒன்று வாங்க வேண்டும். தாம்பரம் மார்க்கெட்டில் கிடைக்கும். பூவைக் குறைத்து இலையை ஏற்ற வேண்டும், ஒவ்வொரு கீற்றாக. இதெல்லாம் அவனால் முடியும் என்று தோன்றியது.

கிட்டு காத்திருந்தது. பாப்பா வலை வழியாக அதன் நெற்றியை ஒரு விரலால் தடவினாள்.

"இன்னும் இருவது நாளு பொறுத்துக்கடா ராசா. ஐப்பசி ஒண்ணு, மொத கூட உனக்குத்தான். வஞ்சிரம் செவுளா அள்ளிகினு வரேன்."

ஜெயஸ்ரீ கணவனைப் பார்த்தாள்.

"நீங்க சொல்றீங்களா, நான் சொல்லவா?" என்றாள் தாழ்ந்த குரலில்.

அவன் படியிலிருந்து எழுந்து பாப்பாவுக்கு எதிரே தரையில் உட்கார்ந்தான்.

"ஐப்பசியிலயும் வேணாம் பாப்பாக்கா."

"கார்த்திகைக்கு மாலை போடப் போவுதா அது?"

"எப்பவுமே வேணாம். இந்த ஜாதி இலைதான் சாப்பிடும். மீன் அதுக்குச் செரிக்காது. ரத்தம் எடுத்துப் பாத்தாங்க. கிட்னி கெட்டிருக்கு. தாடை எலும்பு வளையுது."

பாப்பாவின் கையில் சுருட்டிய இதழ் இருந்தது.

"நீ புரட்டாசின்னியே சார்."

"நீங்க சொன்னீங்க. நான் சும்மா இருந்துட்டேன்."

"ஆசையாதான துன்னுச்சி?"

"அதுக்குத் தெரியாதுக்கா. எனக்கும் தெரியல. நான் தினமும் இலை வச்சுட்டுப் போய்த் தூங்கினேன்."

"செத்துடுமா?"

"இப்படியே சாப்பிட்டா பொழைக்கலாம். டாக்டர் சான்ஸ் இருக்குன்னாங்க."

குழாயிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. கிட்டு வாயைப் பாதி திறந்து அவள் கையைப் பார்த்தபடி நின்றது. பாப்பா இதழை எறியவில்லை. கீழேயும் வைக்கவில்லை.

"அப்ப இத்தினி நாளா நான் அதுக்குப் போட்டது இன்னா சார்?"